உத்தோயாத் தீவு: வளர்ந்த பிள்ளைகளோடு போகலாமா?

விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று எங்கள் தமிழ் வகுப்புப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்டால், துசென்பிரீட் கேளிக்கைப் பூங்கா அல்லது சுவீடன் எல்லைக் கடை என்றுதான் பதில் வரும். நான் உத்தோயா என்று போட்டேன். "அங்கையோ? பிள்ளையளோடயோ?" என்று ஒரு அக்கா உடனே எழுதினா. அவவுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவிலிருந்து வடமேற்கே 40 கிலோமீற்றருக்குள் தான், தீரிஃபியூர் ஏரிக்குள் இருக்கிற சின்னத் தீவு. தொழிற்கட்சியின் இளைஞர் அணிக்குச் சொந்தமானது. 1950இல் தொழிற்சங்கச் சம்மேளனம் அன்பளிப்பாகக் கொடுத்தது. 2011 யூலை 22 பின்னேரம் 3.25க்கு ஒஸ்லோ அரசாங்க வளாகத்தில் குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். குண்டை வைத்த தீவிர வலதுசாரி பொலிஸ் உடுப்போடு இங்கே வந்து சுட்டதில், கோடைமுகாமில் இருந்தவர்களில் 69 பேர் இறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம் அன்றைக்கு ஏரியில் நீந்தித் தப்பினவர். பிறகு ஒஸ்லோவின் துணை மேயராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் வந்தது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும்.

படகேற முதல் கரையில் இருக்கிற தேசிய நினைவிடத்தைப் பாருங்கள். 77 வெண்கலத் தூண்கள், 2022இல் திறந்தது. எனக்கு அது பெரிதாக ஒட்டவில்லை. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் தீவுக்குள் போனபிறகு அது ஞாபகத்திலேயே நிற்காது.

தீவில் நிற்கிறது ஹெக்ன்ஹூசெத் என்ற நினைவுக் கட்டடம். 13 பேர் கொல்லப்பட்ட பழைய தேநீர்க்கூடத்தை இடிப்பதா விடுவதா என்று நீண்டநாள் சண்டை நடந்திருக்கிறது. கடைசியில் அதில் ஒரு பகுதியை அப்படியே வைத்து, சுற்றிப் புதுக் கட்டடம் போட்டு 2016இல் திறந்தார்கள். கூரையைத் தாங்குவது 69 மரத்தூண்கள், இறந்த ஒவ்வொருவருக்கும் ஒன்று. வெளிப்பக்கம் வேலிபோல 495 மரச்சட்டங்கள். அவை உயிர்தப்பியவர்களுக்கு. உள்ளே சுவரில் துப்பாக்கி ரவை துளைத்த ஓட்டைகளைப் பூசி மறைக்கவில்லை.

அங்கே அன்று அனுப்பப்பட்ட குறுஞ்செய்திகளைச் சுவரில் நேர ஒழுங்கில் வைத்திருக்கிறார்கள். நான் அதிலேயே நின்றுவிட்டேன். தாய்மார் எங்கே இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் கோல் எடுக்காதே என்கிறார்கள், போன் அடித்தால் ஒளித்திருக்கிற இடம் தெரிந்துவிடும் என்பதால். போனை எடுக்கவில்லையென்றால் பத்துத்தரம் அடிக்கிற ஆள் நான். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஆனால் அழுதுவிட்டு வருவதற்காக இங்கே போகச் சொல்லவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்துகிறார்கள். அதற்காகத்தான் போகவேண்டும். எங்கள் குழுவோடு இருந்த வழிகாட்டி ஒரு இளம்பெண். "இவன் ஏன் இப்படி ஆனவன்?" என்று ஒரு பெடியன் கேட்டதற்கு அவ பதில் சொல்லவில்லை, திருப்பிக் கேள்வி கேட்டா: இணைய விளையாட்டு அரட்டையில் வெளிநாட்டுக்காரரைப் பற்றிப் பகிடி வந்தால் யார் சிரிப்பது, யார் பேசாமல் வெளியேறுவது? பத்து நிமிடத்தில் பிள்ளைகள் பெற்றோரை மறந்து கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். என் மகனுக்கு அத்தனை மீம் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து இதைப்பற்றி வாசித்தேன். தூரே பியோர்கோ என்ற மானிடவியலாளர் 90களிலேயே நாசிக் கும்பல்களில் சேர்ந்த பெடியன்களோடு கதைத்து ஆராய்ந்தவர். பெரும்பாலானவர்கள் கொள்கையை வாசித்துவிட்டுச் சேரவில்லை. சிநேகிதம், பரபரப்பு, பாதுகாப்பு என்று போய், கொள்கையைப் பிறகுதான் படித்திருக்கிறார்கள் என்பது அவர் சொல்லும் சாரம். வெளியே வர உதவும் எக்சிற் திட்டம் 1997இல் நோர்வேயில்தான் தொடங்கி, சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் போனது. வீட்டுக்குச் சொல்லாமல் பெடியள் இயக்கத்துக்குப் போன காலத்தைப் பார்த்த எங்கள் தாய்மாருக்கு, கொள்கைக்கு முன்னம் கூட்டாளி என்பது புதுக்கதையில்லை. (இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். நான் சொல்வது தாய்மாரைப் பற்றி.)

உத்தோயாக் கொலைகாரன் இந்தக் கணக்குக்குள் சரியாக வரமாட்டான். அவனுக்கு 32 வயது, தெருக் கும்பல் இல்லை, இணையத்தில் ஊறினவன். ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய சிரெக்ஸ் ஆய்வு மையம் தீவிர வலதுசாரிகளை ஆராய்கிறது. அவர்களின் சின்னச் சின்ன விளக்கக் கட்டுரைகள் பெற்றோருக்கும் விளங்கும். 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் சுட்ட கொலைகாரன் உத்தோயாக் கொலைகாரனின் பெயரைச் சொன்னான்; அதே வருடம் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் பேரூம் பள்ளிவாசலுக்குத் துப்பாக்கியோடு போன 21 வயதுக்காரன் கிறைஸ்ட்சேர்ச்சைப் பார்த்துப் புறப்பட்டவன். அவனை மடக்கிப் பிடித்தது தொழ வந்த 65 வயதுக்காரர். இந்தச் சங்கிலியைத் தீவில் தேடினால் அதிகம் கிடைக்காது. கொலைகாரனுக்கு இடம் கொடுப்பதைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அது எனக்குச் சரியாகவே பட்டது, ஆனால் பதின்ம வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வி இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை வீட்டில் நீங்கள்தான் கதைக்கவேண்டும்.

இன்னொன்று. பிள்ளையின் போக்கில் பயம் வந்தால் உள்ளூர்ப் பொலிசின் தடுப்புப் பிரிவிடம் 'கவலை உரையாடல்' கேட்கலாம். பெற்றோரையும் இருத்தி வைத்துக் கதைப்பார்கள், குற்ற விசாரணை இல்லை. பொலிஸ் என்றதும் பார்னவேர்ன் (சிறுவர் பாதுகாப்புச் சேவை) வந்து பிள்ளையைத் தூக்கிவிடும் என்று எங்கள் சனம் கதவைப் பூட்டுகிறது. கோபமாக வருகிறது எனக்கு. பூட்டின கதவுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை யாரோடு கதைக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

என் புள்ளி 5க்கு நாலரை. 13 வயதுக்குக் குறைந்தவர்களைக் கூட்டிப்போகாதீர்கள். முன்கூட்டியே பதிவுசெய்யாமல் கரையில் போய் நின்று பயனில்லை. ஏரிக்காற்று கோடையிலும் குளிரும், யக்கற் கொண்டுபோங்கள். அம்மம்மா வருகிறேன் என்றால் கூட்டிப்போகலாம், ஆனால் பாதை மேடுபள்ளம், நோர்வேஜிய மொழி விளக்கத்தை முழுக்க நீங்கள்தான் காதுக்குள் சொல்லவேண்டி வரும்.