சத்தத்துக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்

செம்பனை ஆலையின் கொதிகலன் பகுதியில் 22 ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, இரு காதுகளிலும் சில்வண்டு கத்துவது போன்ற இரைச்சல் ஓய்வதே இல்லை. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதி இருந்தது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு விதிமுறைகள்தாம் அதை 85 ஆகக் குறைத்தன. இரைச்சலைவிட என்னை அதிகம் வருத்தியது, ஞாயிற்றுக்கிழமை வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் என் பேத்தி "கால் வலிக்குது தாத்தா" என்றபோது, "பால் வாங்கித் தருகிறேன்" என்று நான் சொன்னதும் மேசையே சிரித்ததுதான்.

அதன் பிறகுதான் சுங்கை சிப்புட்டில், கடைவரிசை ஒன்றின் மாடியில் இயங்கும் காதுக்கருவி மையத்துக்குப் போனேன். பரிசோதித்த பெண், இரைச்சல் ஒரே காதில் மட்டும் இருக்கிறதா, நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கிறதா என்று முதலில் விசாரித்தார். அப்படி இருந்தால் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவாராம். "அங்கிள், இந்தச் சத்தத்தை நிறுத்த மாத்திரை கிடையாது" என்று நேராகச் சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது.

வரைபடத்தில் என் கேள்திறன் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கியிருந்தது. உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில் பலமாக ஒலிப்பதால் குரல் கேட்கிறது. க, ச, த, ப போன்றவற்றை வேறுபடுத்திக் காட்டும் மெல்லிய உச்ச ஒலிகள் அந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுவதால் சொல் பிடிபடுவதில்லை. கருவியைப் பொருத்தியபோது காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, செவிப்பறையருகே எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து சரிசெய்தார். முன்பு ஈப்போவில் ஒரு கடையில் இந்த அளவு எதுவும் எடுக்காமல் விற்ற கருவி இன்னும் என் இழுப்பறையில் கிடக்கிறது.

சுவரோடு ஒட்டி, கடை முழுவதும் கண்ணில் படும்படி உட்காருவது என் பழக்கம். அது தவறாம். முன்னால் வரும் ஒலியை எடுத்து, பின்னால் வருவதைக் குறைக்கும் ஒலிவாங்கி கருவியில் இருப்பதால், பேசுபவர் எதிரிலும் கூட்டம் முதுகுப் பக்கமும் இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அப்படியே மாறி உட்கார்ந்தேன். தே தாரிக் ஆற்றும் இடத்து எவர்சில்வர் குவளைகளின் ஓசை பின்னுக்குப் போக, எதிரில் இருந்த பேத்தியின் பேச்சு பெரும்பாலும் புரிந்தது. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இன்னமும் திணறல்தான். சில்வண்டின் சத்தம் கருவி அணிந்திருக்கையில் மங்குகிறது. இரவில் கழற்றியதும் திரும்பிவிடுவதால் மின்னல் எஃப்எம்மைத் தாழ்வாக வைத்து உறங்குகிறேன்.

குறைகளும் உண்டு. 4,200 ரிங்கிட் வாங்கிய மையம், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ பற்றி வாயே திறக்கவில்லை. வேலையிடத்துச் சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பதைப் பழைய ஆலை நண்பர் சொல்லித்தான் அறிந்தேன். 312 எண் பேட்டரி எனக்கு ஒரு வாரம் வருகிறது, ஆனால் மையத்தில் பாதி நாட்கள் இருப்பு இல்லை. சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். கீழே வாகனப் பட்டறையில் தகரம் தட்டுகிறார்கள். ஒலி புகாத அறைக்குள்ளும் அது கேட்டதால் என் பரிசோதனையை இரண்டு முறை செய்ய நேர்ந்தது.