இரும்புக் கடைக்கு சிஜிடிஎம்எஸ்இ கடன் எப்படி?

வீட்டுப் பத்திரத்தைத் தொடாமல் சரக்குக்குப் பணம் வேண்டும் என்றால், என்னைப் போன்ற சின்ன இரும்புக் கடைக்காரனுக்கு உருப்படியான வழி சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தோடு வரும் சி.சி. கணக்குதான் (கேஷ் கிரெடிட்: ஒரு லிமிட்டுக்குள் வேண்டியபோது எடுத்து, வந்தபோது கட்டும் கடன்). சிஜிடிஎம்எஸ்இ என்பது மத்திய அரசும் சிறு தொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-ல் தொடங்கிய அறக்கட்டளை; சிறு தொழிலுக்கு அடமானமில்லாமல் கொடுக்கும் கடனுக்கு வங்கியிடம் உத்தரவாதம் நிற்கும். உத்தரவாத வரம்பு 2023-ல் 5 கோடியாகவும், 2025 ஏப்ரலில் 10 கோடியாகவும் ஏறியிருக்கிறது. எனக்கு அவ்வளவெல்லாம் எதற்கு? நான் வாங்கியது 40 லட்சம்.

வருட விற்பனையில் 20 சதவீதம் என்ற கணக்கில் லிமிட் போடுகிறார்கள். இரண்டு கோடி விற்றால் 40 லட்சம். நம் தொழிலுக்கு இது சாதகம். கம்பியிலும் ஆங்கிளிலும் புரள்வதுதான் பெரிய தொகை, நிற்பது சொற்பம். லாபத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தால் ஒரு லோடுகூட இறக்க முடியாது. மில் ஏஜெண்டு பணத்தைப் போட்டால்தான் லாரியை அனுப்புவார். கேட்டும் கிரில்லும் அடிக்கும் பட்டறைக்காரர் இரண்டு மாதம் கழித்துத் தருவார். அந்த இடைவெளியை இது நன்றாகவே தாங்குகிறது.

ஆனால் ஒன்று. கட்ட முடியாவிட்டால் அரசாங்கம் கட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உத்தரவாதம் வங்கிக்கு, நமக்கு இல்லை. அறக்கட்டளையிடம் பணம் வாங்கிய பிறகும் வங்கி நம்மைத் துரத்தத்தான் செய்யும், சிபில் மதிப்பெண்ணும் கெடும். வட்டிக்கு மேல் வருடாந்திர உத்தரவாதக் கட்டணம் வேறு; 0.37 சதவீதத்தில் தொடங்கி, தொகை கூடக் கூட விகிதமும் ஏறும். அது என் கணக்கில்தான் பற்றானது.

முதலில் போன கிளையில், “ஸ்கீம் எல்லாம் சரி சார், ஒரு பத்திரம் இருந்தா எங்களுக்கும் நிம்மதி” என்றார் மேலாளர். கடனில் ஒரு பகுதிக்குச் சொத்தும் மீதிக்கு உத்தரவாதமும் வைக்க விதியில் இடம் உண்டு. ஆனால் உத்தரவாதத்துக்குள் வரும் பகுதிக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. எழுத்தில் கொடுங்கள் என்றேன், பேச்சு அதோடு நின்றது. வேறு வங்கியில் வாங்கினேன்.

சரக்கு பார்க்க வந்த அதிகாரி கெட்டிக்காரர். 12 எம்எம் கம்பிக் கட்டின் முன் நின்று, விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்து, மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் கம்பிக்கு 10.66 என்று கைபேசியிலேயே போட்டார். பிறகு கட்டை எண்ணினார். வங்கிக்கு நான் கொடுத்த சரக்குக் கணக்கோடு (ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்) ஒத்துப்போனது. துருப்பிடித்து மூலையில் கிடந்த பழைய சேனலை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. நியாயம்தான், நானே அதை மறந்திருந்தேன்.

இந்தக் கடனில் எனக்குப் பிடிக்காத விஷயம் டிராயிங் பவர், அதாவது அந்தந்த மாதம் எடுக்கக்கூடிய தொகை. லிமிட் 40 என்றாலும் எடுக்க முடிவது மாதாமாதம் சரக்கு மதிப்பைப் பொறுத்தது. 50 லட்சம் சரக்கு இருந்தால் நம் பங்காக 25 சதவீதம் மார்ஜின் போக 37.5 லட்சம். இரும்பு விலை பத்து சதவீதம் இறங்கினால் அதே கம்பி 45 லட்சமாகிவிடும், எடுக்கக்கூடியது 33.75. யார்டில் ஒரு கிலோ குறையவில்லை, கையில் மூன்றே முக்கால் லட்சம் குறைகிறது. விலை விழும்போது வாங்கிப் போடத்தானே பணம் தேவை! வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியிலும் 90 நாள் தாண்டியதை என் வங்கி இதற்குக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், உத்யம் என்ற சிறு தொழில் பதிவு இருப்பதால், சரக்கு வாங்கியவரிடம் 45 நாளில் பணம் கேட்கச் சட்டம் துணை நிற்கும் என்று நம்பி யாரும் கடன் சரக்கு விடாதீர்கள். 2021-ல் அந்தப் பதிவில் வியாபாரிகளைச் சேர்த்தபோதே, வங்கிகள் சில துறைகளுக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டிய முன்னுரிமைக் கடனுக்கு மட்டும் என்றுதான் சேர்த்தார்கள். அந்த 45 நாள் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். லிமிட்டில் கால்வாசியை எப்போதும் தொடாமல் வைத்திருக்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். முழுவதையும் முதல் மாதமே லோடாக இறக்க நினைப்பவர்கள், விலை இறங்குகிற ஒரு மாதத்துக்கு என்ன செய்வது என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.