கலாபகோஸ் பயணம்: 85,000 ரூபாய் போனது, நீங்களாவது உஷாராக இருங்கள்

ஊர் திரும்பி நான்கு நாள் ஆகிறது. இன்று காலையும் பணத்தைத் திருப்பிக் கேட்டு, பயணத்தை ஏற்பாடு செய்த டிராவல்ஸ் படியேறி, வெறுங்கையோடு இறங்கினேன். மதுரையில் வேறு யாராவது இந்த வாரமே அங்கே பணம் கட்டக்கூடும், அதனால் உடனே எழுதுகிறேன்.

சாமநத்தம் கண்மாயில் பல வருடமாகப் பறவை பார்க்கிறவன் நான். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் கடலில் உள்ள கலாபகோஸ் எரிமலைத் தீவுகளில் இருக்கும் பறக்க முடியாத நீர்க்காகத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும். பெர்னாண்டினா தீவையும் இசபெலாவின் வடக்கு, மேற்குக் கரைகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் அது கிடையாது. ஓய்வுபெற்ற பணம் கைக்கு வந்ததும் கிளம்பினேன்.

டிராவல்ஸ்காரரிடம் முதலில் சொன்னதே இதைத்தான். பொறுமையாகக் கேட்டார். மொபைலில் அந்தப் பறவையின் படத்தை எடுத்துக் காட்டி, "இதுதானே சார்? பெர்னாண்டினாவுல ஒரு முழு நாள் போட்டுத் தர்றேன். அதுக்குத் தனியா எண்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். கப்பல், விமானம் எல்லாம் போக இந்த 85,000. கொட்டேஷன் தாளில் 'பெர்னாண்டினா, 1 நாள்' என்று தன் கையாலேயே எழுதினார். அதைப் பார்த்துத்தான் நம்பினேன். அங்கேயே உட்கார்ந்து ஜிபேயில் அனுப்பினேன்.

கலாபகோஸின் பால்ட்ரா விமான நிலையத்தில் இறங்கியதும் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டாலர் கேட்டார்கள். "எல்லாம் சேர்த்துத்தான்" என்றவர் அதைச் சேர்க்கவே இல்லை. சரி, போகட்டும் என்று கட்டினேன்.

மூன்றாம் நாள்தான் பெர்னாண்டினா. விடியுமுன்பே பைனாகுலரோடு மேல்தளத்தில் நின்றேன். ரப்பர் படகில் கொண்டுபோய் இறக்கிய இடமோ தெற்கு பிளாசா என்ற வேறொரு தீவு. சப்பாத்திக் கள்ளிக்கு அடியில் பெரிய ஓணான் போன்ற மஞ்சள் இகுவானாக்கள் கள்ளி மட்டை விழக் காத்துக் கிடந்தன, பாறைகளில் கடல்சிங்கங்கள். அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் "பெர்னாண்டினா எப்போது?" என்று கேட்டதும் வழிகாட்டி வரைபடத்தை விரித்தார். நாங்கள் நடுவில், அது மேற்குக் கோடியில். ஒவ்வொரு கப்பலுக்கும் பாதையைப் பூங்கா நிர்வாகம் முன்பே முடிவு செய்துவிடுமாம், ஒரு பயணிக்காக மாற்ற முடியாதாம். அப்படியானால் என் 85,000 எதற்கு? அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கப்பலிலிருந்து டிராவல்ஸ்காரருக்கு அனுப்பிய வாட்ஸ்அப்புக்கு நீல டிக் மட்டும்தான். ஊர் வந்ததும், "கடல் சீற்றம் சார், கப்பல்காரங்க முடிவு" என்றார். அன்று கடல் கண்மாய்த் தண்ணீர் மாதிரி கிடந்தது! அடுத்த நாள், "மேனேஜர் லீவு". நேற்று, "சின்ன எழுத்துல போட்டிருக்கோம், படிச்சுப் பாருங்க". இன்று கடைப் பையன், "அதான் இகுவானா பாத்தீங்கல்ல சார், அப்புறம் என்ன?" என்கிறான். 85,000 ரூபாய்!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. கப்பலின் பெயரையும் உங்கள் தேதிக்கான பாதையையும் வாங்கி, பணம் கட்டுமுன் கப்பல் நிறுவனத்துக்கே மெயில் போட்டுக் கேளுங்கள். ஒரு தீவுக்கென்று தனிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் பதிந்துவிட்டேன். அவர் கையால் எழுதிய தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.