பம்பர் டு பம்பர்: பாலிசியும் அதை விற்கிற ஏஜெண்டும்

"காருக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் போட்டாச்சு சார்" என்று ஏஜெண்ட் சொன்னதும் பாதிப் பேர் பாலிசித் தாளைப் புரட்டுவதே இல்லை. 'ஃபுல்' என்ற சொல்லை அதில் எங்கே தேடினாலும் கிடைக்காது. உள்ளே முக்கியமாக இருப்பவை இரண்டு: நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி, நம் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ். தேர்ட் பார்ட்டி கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான விகிதப்படி, 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையுள்ள சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் போட்டாலும் இதே தொகைதான். அதனால் ஒருவர் மட்டும் நாலாயிரம் குறைத்துத் தருகிறார் என்றால், அது ஓன் டேமேஜ் பக்கத்தில்தான் குறைந்திருக்கும். நிஜமான தள்ளுபடியாகவும் இருக்கலாம், ஐடிவியில் கைவைத்ததாகவும் இருக்கலாம்.

ஐடிவி என்பது வண்டி திருடுபோனாலோ முழுசாக நொறுங்கினாலோ கைக்கு வரும் தொகை. 8 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள கார் மூன்று வயதைத் தாண்டி நாலுக்குள் இருந்தால் 40% கழியும், ஐடிவி 4.80 லட்சம். அதை 4 லட்சமாக்கினால் பிரீமியம் கொஞ்சம் இறங்கும். ஆனால் ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்', அதாவது ரிப்பேருக்குப் பதில் ஐடிவி கணக்கில் பணத்தைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். 4.80 லட்சத்துக்கு அந்த எல்லை 3.60 லட்சம், 4 லட்சத்துக்கோ 3 லட்சம். ஆக 3.20 லட்சத்தில் சரிசெய்யக்கூடிய வண்டிகூட டோட்டல் லாஸ் கணக்கில் போய்விடும். மிச்சம் பிடித்த பிரீமியம் ஆயிரக்கணக்கில், இழப்பு லட்சத்துக்குப் பக்கத்தில்.

இனி பம்பர் டு பம்பர், அதாவது ஜீரோ டெப்: பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தர, கூடுதல் காசு கொடுத்துச் சேர்க்கும் ஆட்-ஆன். இது இல்லாத சாதாரண பாலிசியில் அதே கார் முன்பக்கம் இடிபட்டால் என்ன ஆகும்? பம்பர் 12,000, ஃபெண்டர் 5,000, பெயிண்டிங் 8,000 என்று பில் வந்ததாக வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50% தேய்மானம். பம்பரில் 6,000 போச்சு. இரும்புப் பாகத்துக்கு இந்த வயதில் 25%; ஃபெண்டரில் 1,250. பெயிண்டிங் பில்லை மொத்தமாகப் போட்டிருந்தால் அதில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து, அதற்கும் பாதி கழிப்பார்கள்; 1,000. கட்டாய டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000. ஆக 25,000 பில்லில் 9,250 உங்கள் பையிலிருந்து. ஜீரோ டெப் இருந்தால் டிடக்டிபிள் 1,000 மட்டும்தான் முக்கியமாக வெட்டப்படும். வண்டி பழசாகும் வரை இந்த ஆட்-ஆனுக்குக் கொடுக்கும் காசு தகும்.

குறைகளும் உண்டு. பல கம்பெனிகள் ஆண்டுக்கு இரண்டு க்ளெய்முக்கு மேல் ஜீரோ டெப் தருவதில்லை. பழைய வண்டிக்கு இதைக் கொடுக்கவே தயங்குகின்றன. பெயரைக் கேட்டு எல்லாமே அடக்கம் என்று நம்பி ஏமாறுவது எஞ்சின் விஷயத்தில்தான். மழைத் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி ஜாம் ஆனால், அது விபத்தல்ல, பின்விளைவு என்று தள்ளுபடி செய்வார்கள். அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் தனியாக வேண்டும். அது இருந்தாலும் சாவியைத் திருப்பாமல் டோ செய்து கொண்டுபோவதே நல்லது.

என்சிபி (நோ க்ளெய்ம் போனஸ்) ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் கிடைக்கும் தள்ளுபடி: க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, கடைசியில் 50%. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்தமும் போய்விடும். என்சிபி வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்கு உரியது. காரை விற்கும்போது கம்பெனியில் கடிதம் வாங்கிக்கொண்டால் அடுத்த காருக்குப் பயன்படும். 45% கிடைக்க வேண்டிய ஆண்டில், ஓன் டேமேஜ் 9,000 என்றால் அதன் மதிப்பு 4,050. நாலாயிரம் ரூபாய் கீறலுக்கு க்ளெய்ம் போடச் சொல்கிற ஏஜெண்டுக்கு இந்தக் கணக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

இதைவிட மோசம், போன வருஷம் க்ளெய்ம் எடுத்தவருக்கு வேறு கம்பெனியில் 'க்ளெய்ம் இல்லை' என்று எழுதி என்சிபி வாங்கித் தருவது. பழைய கம்பெனியிடம் சரிபார்த்தால் அம்பலமாகும், க்ளெய்ம் நேரத்தில் சிக்கல். நல்ல ஏஜெண்ட் கோட்டேஷன் போடுவதற்கு முன்பே போன வருஷம் க்ளெய்ம் உண்டா என்று கேட்பார். கேட்காமல் 50% போட்டு நீட்டுகிறவரிடம் கவனமாக இருங்கள்.

ஏஜெண்ட் பொதுவாக ஒரே ஒரு பொதுக் காப்பீட்டு (ஜெனரல் இன்ஷூரன்ஸ்) கம்பெனிக்காக வேலை செய்பவர். புரோக்கர் பல கம்பெனிகளின் பாலிசியைக் காட்டலாம். கார் ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. யாரானாலும் ஒரே ஐடிவி, ஒரே ஆட்-ஆன் என்று எழுத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். "இந்த பாலிசியில் 25,000 பில் வந்தால் என் பங்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். கணக்குப் போட்டுக் காட்டுபவர் தேறுவார். "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பவர் தேறமாட்டார்.

பணத்தைக் கம்பெனியின் கணக்குக்கு நேரடியாக அனுப்புங்கள். பாலிசி வந்ததும் எஞ்சின் எண், சேசிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். வண்டி வகை 'பிரைவேட் கார்' என்று இருக்கிறதா பாருங்கள். டூவீலர் பாலிசி எடுத்து, அச்சில் காராகத் திருத்திக் கொடுக்கும் மோசடி நடப்பதுண்டு. கம்பெனி இணையதளத்தில் பாலிசி எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.