நாரிக்கு நாற்பது ஹெர்ட்ஸ்: அதிரும் மெத்தையும் என் அலுமாரியும்

மட்டக்களப்பில் இருக்கும் நண்பன் போன கிழமை ஒரு விளம்பரத்தை அனுப்பி, "மச்சான், நீ வைத்திருக்கிற அதிர்வு மெத்தைதானே இது? விலை இறங்கியிருக்கு. அம்மாவுக்கு எடுக்கலாமா?" என்று கேட்டான். ஸ்பீக்கர் போலத் தாழ்ந்த ஒலியால் அதிர்ந்து, மேலே படுப்பவரின் நோவைத் தணிக்கிற மெத்தை அது. அதே கிழமைதான் நான் என்னுடையதைத் திருத்தக் கொடுத்து, காசு கட்டி எடுத்து வந்திருந்தேன். அந்தச் சூட்டில் அவனுக்குப் போன பதில் அவ்வளவு நல்லதில்லை. இங்கே கொஞ்சம் நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

வீடு திருகோணமலை உப்புவெளி. படிப்பிக்கும் பள்ளிக்கூடம் மூதூர்ப் பக்கம். கிண்ணியாப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் போய் வந்தே நாரி, அதாவது கீழ் முதுகு, பிடித்துக்கொண்டது. அதுவும் அதிர்வுதான். ஆனால் வாகன ஆசனத்தின் குலுக்கல் மெதுவானது. செக்கனுக்கு நாலு முதல் எட்டுத் தடவை ஆட்டினால் முதுகெலும்பும் சேர்ந்து ஆடத் தொடங்கும். பஸ், லொறி ஓட்டுபவர்களுக்கு நாரி வருத்தம் கூடுவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். மெத்தை கொடுப்பது 30 முதல் 70 ஹெர்ட்ஸ் வரை, அதாவது செக்கனுக்கு அத்தனை தடவை. அசைவு கண்ணுக்கே தெரியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னேரம் வந்து அதில் படுத்தால், இடுப்புக்குக் கீழே இறுகிக் கிடந்த சதை மெல்லப் பிடியை விடும். எழும்பிய பிறகு ஒரு மணித்தியாலம், சில நாட்களில் இரண்டு, முனகாமல் குனிந்து சப்பாத்து நாடா கட்டலாம். அப்புறம் பழையபடி. நோவு தெரியாமல் போவதற்கு ஒரு விளக்கம் உண்டு. 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் சொன்னது: தொடுகையும் அதிர்வும் போகும் நரம்புகள் வேலையாக இருந்தால், முள்ளந்தண்டில் நோவுக்கான வாசல் பாதி மூடிவிடும். முழங்கால் அடிபட்டால் உடனே கையால் தேய்க்கிறோமே, அதே சங்கதி.

நான் எதிர்பார்க்காதது வேறொன்று. 40 ஹெர்ட்ஸ் காதுக்கு வெறும் உறுமல். முதுகால் கேட்டால் அது இசை. பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் விழுமே, அந்த அடியை மென்மையாக்கி, நிறுத்தாமல் விட்ட மாதிரி. மாத்திரை போட்டும் வராத நித்திரை இதில் வந்திருக்கிறது. இதை ஆரம்பித்து வைத்த நோர்வேக்காரர் ஒலாவ் ஸ்கிலே, 1980களில், கடுமையான இயலாமையுள்ள, சதை இறுகிய பிள்ளைகளைத் தளர்த்தத்தான் ஸ்பீக்கரின் தாழ்ந்த ஒலியை உடம்போடு சேர்த்தார். அவர் எதைக் கண்டு இதில் இறங்கினார் என்பது படுத்துப் பார்த்தால் விளங்கும்.

சரி, இனி என் கோபம்.

இந்தச் சாதனத்தில் அலைவெண்ணை, அதாவது அந்த ஹெர்ட்ஸ் கணக்கை, ஓரிடத்தில் நிறுத்த முடியாது. 30இலிருந்து மெல்ல ஏறி 70 வரை போய் மறுபடி இறங்கும். ஒரே அதிர்வைத் தொடர்ந்து கொடுத்தால் உடம்பு பழகி மரத்துவிடும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள்; காரணம் சரியானதே. ஆனால் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம், நாற்பத்து நாலு ஹெர்ட்ஸ் கிட்ட வந்ததும் என் இரும்பு அலுமாரி "ஙீஈஈ" என்று கத்தும். கண் சொருகும் நேரம் பார்த்துத்தான் கத்தும். அலுமாரியை மற்றச் சுவருக்குத் தள்ளினேன். யன்னல் கண்ணாடி தொடங்கியது. கண்ணாடிக்கு ரப்பர் வைத்தேன். கட்டில் பலகை தொடங்கியது. ஒரு பொருள் தனக்குரிய வேகத்தில் அதிர்வு வந்தால் தானும் சேர்ந்து பலமாக அதிரும்; பரிவு என்று இதைத்தான் ஏ.எல். (உயர்தரப்) பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இசைக்கவரை வைத்துப் படிப்பிக்கிறேன். இனி அவர்களை வீட்டுக்கே கூட்டி வரலாம்.

அடுத்தது பக்கத்து வீட்டு மாமி. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் எட்டரை மீற்றர். அதற்கு ஒரு செங்கல் சுவர் எந்த மூலைக்கு? "தம்பி, உங்கட தண்ணி மோட்டர் நிற்காமல் ஓடுது, ஒருக்காப் பாருங்கோ" என்றார். மோட்டர் இல்லை, வைத்தியம் என்றேன். பார்த்த பார்வையில் என் வருத்தம் நாரியில் இல்லை என்று முடிவு கட்டியது தெரிந்தது. அதிகம் அதிர்கிற வேகத்தை மட்டும் தாண்டிப் போக ஒரே ஒரு பொத்தான் வைத்திருந்தால் இவ்வளவும் இல்லை. இத்தனை விலைக்கு ஒரு பொத்தான்!

பெட்டியில் அச்சடித்திருப்பது இன்னொரு எரிச்சல். மறதி நோய்க்கு நல்லதாம். 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 40 ஹெர்ட்ஸ் மினுக்கும் வெளிச்சத்தையும், 2019இல் ஒலியையும் கொடுத்துப் பார்த்தது எலிகளுக்கு. அதற்கும் நாரிக்குப் போடும் மெத்தைக்கும் என்ன தொடர்பு? நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்றும் போட்டிருக்கிறது. அது பழைய கதை. பரிஸ் நகரில் ஷார்கோ என்ற பெரிய நரம்பு வைத்தியர், நடுக்குவாதக்காரர்கள் நீண்ட ரயில் பயணம் போய் வந்தால் சுகமாக இருக்கிறது என்று சொல்வதைக் கவனித்து, 1892இல் அதிரும் கதிரையே செய்தார். கொழும்புக் கோட்டைக்குப் போகும் எங்கள் இரவு மெயில் ரயிலில் போய் வருபவர்கள் இதற்குச் சிரிக்கலாம். 2012இல் சிக்காகோவில் அதைத் திரும்பச் சோதித்தார்கள். அதிரும் கதிரையில் இருந்தவர்களும் தேறினார்கள், அதே மாதிரிக் கதிரையில் அதிர்வு இல்லாமல் சும்மா சாய்ந்திருந்தவர்களும் தேறினார்கள். வித்தியாசம் இல்லை. என் நாரியும் எந்தக் கூட்டத்தில் சேர்த்தி என்ற சந்தேகம் எனக்குண்டு. வீட்டில் யாரும் கூப்பிடாத அரை மணித்தியாலம் வேறெந்த வழியில் கிடைக்கும்?

பழுதுக்குக் காரணம் எங்கள் கடற்காற்று. உள்ளே வயர் பொருத்தும் முனைகள் பச்சை பிடித்துக் கழன்றிருந்தன. திருத்திய தம்பி உள்ளே பார்த்துவிட்டு, "இது ஸ்பீக்கர்தானே சேர், கோன் மட்டும் இல்லை" என்றான். கோன் என்றால் காற்றைத் தள்ளிச் சத்தமாக்கும் கூம்பு. அது உண்மை. அதனால்தான் வாங்குமுன் உள்ளே இருப்பது என்னவென்று கேட்கச் சொல்கிறேன். விலை குறைந்தவற்றில் எடை ஒரு பக்கம் சாய்ந்த சின்ன மோட்டர்தான் இருக்கும். வேகத்தைக் கூட்டினால் பலமும் சேர்ந்து கூடும், இரண்டையும் பிரிக்க வழியில்லை. நண்பன் அனுப்பிய விளம்பரத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன்; மோட்டர்தான்.

ஆகவே மச்சான், எடுக்காதே. அம்மாவுக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலோ, காலில் இரத்தக்கட்டி இருந்தாலோ, அண்மையில் சத்திரசிகிச்சை செய்திருந்தாலோ வைத்தியரைக் கேட்காமல் கிட்டவே கொண்டுபோகாதே. ஒன்றும் இல்லையென்றால் ஒரு நாள் இங்கே கூட்டி வா, கன்னியாவில் ஏழு கிணற்று வெந்நீரையும் வார்க்கட்டும். என் நாரிக்கு அதுவும் ஏறக்குறைய இதே சுகத்தைத் தருகிறது. என்னுடையதை விலைக்குத் தருவாயா என்று மட்டும் கேட்காதே, தரமாட்டேன்.