மண்டபப் பேச்சா, வாரக் கூட்டமா, தையல் வகுப்பா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் எங்கள் வியாசர்பாடி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அதே நாட்களில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்து, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. அதற்கப்புறம், மீண்டு எழ உதவுவதாகச் சொன்ன மூன்று வகைக் கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். வேலை போனவர்கள், கணவரை இழந்தவர்கள் எல்லாம் எதற்குப் போகலாம் என்று இப்போதும் என்னைக் கேட்கிறார்கள்.

முதலில் மண்டபப் பேச்சு, அதாவது மேடையில் ஒருவர் ஆறுதலும் தைரியமும் சொல்லும் கூட்டம். இரண்டு மணி நேரம், நிறைந்த கூட்டம். பேசியவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் வீட்டுக்கு வந்து ஊறிப்போன மெத்தையைப் பார்த்ததும் கேட்டதெல்லாம் போய்விட்டது. அதற்காகப் பேச்சே வீண் என்று சொல்ல மாட்டேன். பல நாட்களாகக் கதவைத் திறக்காமல் இருந்த பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்குத்தான் தலைவாரி, புடவை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மேடைக்குக் கூப்பிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பிற்கால மன பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எனக்குக் கைகொடுத்தது வாரக் கூட்டம்தான். உலக சுகாதார நிறுவனம் 2016இல் தனி ஆட்களுக்கென்று வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது: வாரம் ஒன்றாக ஐந்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். மருத்துவர்தான் நடத்த வேண்டும் என்றில்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆளே போதும். நிதானமாக மூச்சுவிடப் பழகுவது, தீர்க்க முடிகிற பிரச்சினையைப் பிரித்தெடுப்பது, விட்டுப்போன வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குவது, துணைக்கு ஆள் தேடிக்கொள்வது. எங்கள் கூட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் போனது. எட்டுப் பெண்கள், தரையில் ஒரு பாய். என் கவலையைச் சொல்லச் சொன்னார்கள். “எல்லாமே போச்சு” என்றேன். நடத்தியவர் பேசிப் பேசி அதை ஒரு வரிக்குக் கொண்டுவந்தார். துண்டுச் சீட்டில் என் கையெழுத்தில்: “செவ்வாய்க்கிழமை காலை, இ-சேவை மையம், ரேஷன் கார்டு நகல்.” அடுத்த வாரம் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, “போனீங்களாம்மா?” மண்டபத்தில் அப்படிக் கேட்க ஆள் இல்லை.

தையல் வகுப்பைப் பொறுத்தவரை, கொஞ்சம் பொறுத்துச் சேரலாம். மனம் ஒரு இடத்தில் நிற்காதபோது ரவிக்கைக் கழுத்து வெட்டும் அளவு தலையில் ஏறாது. நான் இரண்டு துணியைப் பாழாக்கினேன். முடித்தபின் தைக்க வேலை எங்கிருந்து வரும் என்பதையும் சேரும்முன் கேட்டுவிடுங்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாக வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் இவை எதற்கும் காத்திருக்கக் கூடாது. 14416க்கு அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் சேவை, இலவசம், தமிழில் பேசலாம்.

வாரக் கூட்டத்தின் பெரிய குறை நேரம்தான். காலை பதினொரு மணி என்றால் காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற பெண்களால் வர முடியாது. எங்கள் கூட்டத்தில் இருவர் அப்படி நின்றுபோனார்கள். சொன்ன பிறகு மாலை நான்குக்கு மாற்றினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து இருவரும் வந்தார்கள், காலியான அன்னக்கூடையோடு.