52 வயதில் நீச்சல் வகுப்பு: என் 21 நாள் அனுபவம்

கோவையில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடம் போனால் ஒரு நீச்சல் குளம். அங்கே பெரியவர்களுக்கான 21 நாள் வகுப்பை இந்தச் சித்திரையில் முடித்தேன். கட்டணம் 4,500 ரூபாய். தொப்பியும் கண்ணாடியும் நாம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். குளம் 25 மீட்டர் நீளம். ஒரு பக்கம் மூன்றரை அடி, மறுபக்கம் ஆறடி. தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, சில நாள் குளோரின் வாசம் தூக்கலாக அடிக்கும். உடை மாற்ற இரண்டே அறைகள். ஏழு மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். மற்றபடி நான் எழுத வந்தது அங்கே கற்றுத்தரும் முறையைப் பற்றி. தண்ணீரைக் கண்டாலே பயப்படும் யாராவது படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக் கிணறு. அப்போதெல்லாம் முதலில் இடுப்பில் சுரைப்புருடை (மிதக்க உதவும் காய்ந்த சுரைக்காய்க் கூடு) கட்டி இறக்குவார்கள், அப்புறம் கயிறு கட்டி, கடைசியில் ஒரு நாள் எதுவுமில்லாமல் தள்ளிவிடுவார்கள். என் மாமன் முதல் நாளே தள்ளிவிட்டார். நான் கத்தவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர்தான் வந்தது. கைகளைப் பக்கவாட்டில் அடித்தபடி மேலே வந்து வந்து உள்ளே போனேன். மேலே நின்றவர்கள், "பரவால்ல, பையன் நீந்தறான்" என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் போட வந்த அப்பா குதித்து எடுத்தார். மாமன் மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் அப்படிக் கற்றவர்தான். ஆனால் அதற்கப்புறம் 43 வருடம் நான் முகத்தில் விழும்படி தண்ணீர் ஊற்றிக் குளித்ததே இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வேன். குற்றாலம் போனாலும் கால் நனைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பத்து வருடம் முன்பு வேறொரு குளத்தில் சேர்ந்தேன். அங்கிருந்த கோச், "பயத்த விடுங்க சார்" என்று சொல்லிப் பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினார். மறுநாள் போகவில்லை. திரும்பச் சேரக் காரணம், போன வருடம் நடந்தது. பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலோரம் தங்கை மகன் கால் வழுக்கி உள்ளே விழுந்துவிட்டான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா இறங்கி அவனை இழுத்தார். நான் கரையில் நின்றேன். கால் நகரவில்லை.

இந்தக் குளத்தின் கோச்சுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் என்னைப் படியில் உட்காரவைத்து, "அண்ணா, உங்களுக்கு எதுலங்க பயம்? ஆழமா, முகத்துல தண்ணி படறதா, மூச்சா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்து, மூச்சு என்றேன். "சரி, அதுலருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார்.

முதல் நான்கு நாள் நீச்சலே கிடையாது. படியில் உட்கார்ந்து, வாய்வரை தண்ணீரில் வைத்து, குமிழி விட வேண்டும். அப்புறம் மூக்கு, அப்புறம் கண். "உள்ள புடிச்சு வெக்காதீங்கண்ணா, விட்டுட்டே இருங்க" என்பார். நெஞ்சு வெடிப்பதுபோல் வரும் அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்ததால் வருவதில்லை, உள்ளே சேரும் கரியமில வாயுவால் வருகிறது என்று அவர்தான் விளக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால், தலையை வெளியே எடுக்கும் அந்த ஒரு நொடியில் விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். நேரம் போதாமல் பதறுவோம். கிணற்றில் எனக்கு நடந்ததும் அதுதான்.

வீட்டில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு பெண். ஓர் அரிய நோயால் அவர் மூளையின் இருபுறமும், பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி சிதைந்துவிட்டது. பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்தார், பேய் வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு நடந்தார், பயமே வரவில்லை. அப்படிப்பட்டவரை 35 சதவீதம் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்தபோது பீதியில் துடித்துப்போனார். 2013-இல் வெளியான ஆய்வு அது. இதைப் படித்த இரவு எனக்கு மனம் லேசானது. இத்தனை வருடம் என்னைக் கோழை என்று நினைத்திருந்தேன்.

மிதப்பதற்கு ஒன்பதாம் நாள்வரை ஆனது. பயத்தில் தலையைத் தூக்குகிறோம், தூக்கியதும் இடுப்பும் காலும் இறங்குகின்றன, இறங்கியதும் இன்னும் பயந்து இன்னும் தூக்குகிறோம். கோச் என் தலைக்குக் கீழே கையை வைத்திருந்தார், அழுத்தவேயில்லை. "குளத்தோட அடியப் பாருங்க, காது ரெண்டும் தண்ணிக்குள்ள இருக்கட்டும்." காது நனைந்ததும் வெளிச்சத்தம் அடங்கிவிட்டது. நீலக் கற்களை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அவர் கையை எப்போது எடுத்தார் என்று தெரியாது.

இந்தக் கோச்சை முழுதாக நம்பியது பதினான்காம் நாள். கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், யார் அதிக நேரம் உள்ளே இருப்பது என்று பந்தயம் கட்டி, முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமே போடாத மனிதர் அன்று விசிலடித்து மூவரையும் கரையேற்றிவிட்டார். அப்படி இழுத்து விட்டால் கரியமில வாயு குறைந்துபோகும், தவிப்பு வர வேண்டிய நேரத்தில் வராது, ஆக்சிஜன் மட்டும் தீர்ந்து உள்ளேயே மயங்கிவிடுவோம் என்றார். "அந்தத் தவிப்பு வரணும் தம்பி. அது வந்தாத்தான் மேல வருவீங்க." நான் கரையில் மிதவைப் போர்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் நாள் என்னிடம் பயத்தை விடச் சொல்லாதவர் ஏன் சொல்லவில்லை என்று அன்றுதான் புரிந்தது.

21-ஆம் நாள் பதினைந்து மீட்டர் நீந்தினேன். தரை சரியத் தொடங்கும் இடத்தில் நெஞ்சு படபடத்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். கோச் அதையும் குறையாகச் சொல்லவில்லை. வாய்க்கால் பக்கம் இப்போதைக்கு இறங்கவே கூடாது, ஓடும் தண்ணீர் வேறு, யாராவது விழுந்தால் கயிறோ கம்போ நீட்டுங்கள் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். இப்போது என் வண்டிப் பெட்டியில் ஒரு கயிறு இருக்கிறது.

சேர நினைப்பவர்களுக்கு: காலை ஆறு மணி வகுப்பில் தண்ணீர் சில்லென்று இருக்கும், உடம்பில் பட்டதும் மூச்சு தானாக இழுக்கும். புதியவர்கள் ஏழு மணிக்குச் சேருங்கள். பெண்களுக்கு எட்டு மணிக்குத் தனி வகுப்பு, பெண் கோச். அடுத்த மாதத்துக்கு நான் மறுபடி பணம் கட்டிவிட்டேன். மனைவியும் சேர்ந்திருக்கிறார். அவருக்கு மூச்சில் பயமில்லையாம், ஆழத்தில்தானாம்.